ரத்னம்மாவின் குளிரறையும் ஒரு காலி சிலிண்டரும்

குளிர்பதன வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் இப்படிக் கேட்கக் கூடாது. ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்று என் மனைவியே சொல்வாள். அதனால் ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கருவிகளைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. குழாயை எப்படிப் பற்றவைப்பது, குழாயில் காற்றே இல்லாதபடி வேக்குவம் எவ்வளவு நேரம் இழுப்பது என்பதெல்லாம் ஐடிஐயில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மறந்தவர்களுக்கு யூடியூப் இருக்கிறது. ஆனால் முன்னால் வாடிக்கையாளர் அழுகிற முகத்தோடு நிற்க, சட்டைப்பையில் மேனேஜரின் போன் அடித்துக்கொண்டே இருக்க, கையில் ஸ்பேனரோடு நிற்கும்போது என்ன முடிவெடுப்பது என்பதை எந்த வீடியோவிலும் பார்க்க முடியாது. அதைத்தான் சொல்லப் பார்க்கிறேன்.

நம் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. நீங்கள் சேர்ந்த முதல் வாரத்திலேயே பார்த்திருப்பீர்கள். 'கேஸ் ஏத்துவது'. ஏசியோ குளிரறையோ சரியாகக் குளிரவில்லை என்று போன் வரும். போவோம், மீட்டரை மாட்டுவோம், கேஸ் குறைந்திருக்கும், ஏற்றுவோம், குளிரும். டீ வரும். குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். அந்தக் கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். ஆனால் ஓட்டையைத் தேட அரை நாள் ஆகும், ஏற்றுவதற்கு அரை மணி போதும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது போல வருடத்துக்கு ஒரு முறை கேஸ் ஏற்ற வேண்டும் என்று வாடிக்கையாளர்களும் பழகிவிட்டார்கள். போன கேஸ் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. கேட்ட ஒரே ஒரு அம்மாவைப் பற்றித்தான் இது.

நான் அருப்புக்கோட்டைக்காரன். வேலை கிடைத்து ஓசூருக்கு வந்தபோது ஜனவரி மாதம். எங்கள் ஊர் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அந்தக் குளிர் தாங்கவில்லை. பாகலூர் சாலையில் முதல் மாதச் சம்பளத்தில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். இன்று அதே மாதத்தில் அதே சாலையில் காலை எட்டு மணிக்குச் சட்டைக் காலரைத் தூக்கி விசிறிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு வருடத்து வெயிலை வைத்துக்கொண்டு உலகமே சூடாகிவிட்டது என்று பேசுவது சரியில்லைதான். ஆனால் வருடக்கணக்காக ஒரே ஊரில் கூரைமேல் ஏறி வேலை பார்த்தவனுக்கு உள்ளங்கால் சொல்லிக் கொடுத்துவிடும்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு, ஒரு ஜனவரிக் கடைசியில் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. ரோஜாத் தோட்டம். குளிரறை குளிரவில்லை. நானும் கோவிந்தனும் வேனை எடுத்துக்கொண்டு போனோம். கோவிந்தன் பாலக்கோட்டுக்காரன், என் வயதுதான், பல வருடம் என்னோடு ஒரே வேனில் வேலை பார்த்தவன். குழாய் பற்றவைப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அலுத்துக்கொள்வதிலும் அவனை மிஞ்ச ஆளில்லை. அன்றைக்கும் ராயக்கோட்டை சாலை முழுக்க, "இன்னிக்கு எத்தன எடம்ப்பா? நாம என்ன நாலு கையோடவா பொறந்தோம்?" என்று புலம்பிக்கொண்டே வந்தான்.

தோட்டத்துக்காரர் ரத்னம்மா. நாற்பதைத் தாண்டியிருக்கும். வீட்டில் தெலுங்கு, வேலைக்கு வரும் பெண்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். கணவர் முனிராஜு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. தோட்டம் முழுக்க ரத்னம்மாவின் பொறுப்பு. நாங்கள் வேனை நிறுத்துவதற்குள் ஓடி வந்தார்.

"சார், சீக்கிரம் கேஸ் ஏத்திடுங்க சார். உள்ள பூவு நிறைய இருக்கு. மலர்ந்துடுச்சுனா எனக்கு அவ்ளோதான்."

விஷயம் இதுதான். பிப்ரவரி பதினாலு காதலர் தினத்துக்காக வெளிநாடு போகிற ரோஜா, மொட்டு இறுகியபடி போக வேண்டும். லேசாக விரிந்தாலும் பெங்களூருவில் தரம் பார்ப்பவர் பெட்டியை ஒதுக்கிவிடுவார். அந்த வருடம் ஜனவரியில் குளிரே இல்லாததால் செடியில் மொட்டுகள் அவசரப்பட்டன. விட்டால் செடியிலேயே விரிந்துவிடும் என்று ரத்னம்மா முன்கூட்டியே வெட்டி, வாளி வாளியாகத் தண்ணீரில் நிறுத்திக் குளிரறையில் அடைத்து வைத்திருந்தார். லாரி அந்தப் பூவை ஏற்றிப் போக இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதுவரை அந்த அறை குளிர்ந்தாக வேண்டும்.

போன வருடமும் இதே அறை இதே மாதத்தில் கைவிட்டிருக்கிறது. வேறு யாரோ வந்து கேஸ் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனாலும் நிறையப் பூ விரிந்துபோய், பெங்களூருவில் வாங்குகிறவர், "இன்னொரு தடவை இப்படி வந்தா உங்க தோட்டத்துப் பூவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டாராம். அந்த வாடிக்கையைப் பிடிக்க அந்த அம்மாவுக்கு ஏழெட்டு வருடம் ஆகியிருக்கிறது.

மீட்டரை மாட்டினேன். கேஸ் குறைந்திருந்தது. முழுக்கப் போய்விடவில்லை, முக்கால் பங்கு உள்ளேதான் இருந்தது. கோவிந்தன் புது சிலிண்டரை இறக்கவே ஆரம்பித்துவிட்டான்.

"ஏத்திட்டுக் கெளம்பலாம்ப்பா. அம்மாவும் அதத்தான கேக்கறாங்க."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஏற்றினால் உடனே குளிரும். ஆனால் இரண்டு நாள் தாங்குமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை குறைந்த கேஸ், அந்தத் தடவை தீபாவளி கழித்து ஏற்கெனவே ஒரு முறை ஏற்றப்பட்டிருந்ததாக ரத்னம்மா சொன்னார். அதாவது ஓட்டை பெரிதாகிக்கொண்டு வருகிறது. நாங்கள் ஏற்றிவிட்டு வந்த மறுநாள் அது வாயைத் திறந்தால், இரண்டு நாள் கழித்துப் போகிற பூ என்ன ஆவது?

"அம்மா, ஒரு மணி நேரம் கொடுங்க. ஓட்டை எங்கேன்னு பார்த்துடறேன்" என்றேன்.

வெளியே இருந்த இணைப்புகளில் ஒன்றும் இல்லை. உள்ளே போய், வாளிகளுக்கு நடுவே உடம்பைக் குறுக்கிக்கொண்டு, கடைசிச் சுவரில் இருந்த குளிர்விக்கும் காயிலைத் திறந்து டார்ச் அடித்தேன். செம்புக் குழாய் கறுத்துப்போயிருந்தது. சோப்பு நீர் வைத்த இடத்தில் ஒரு வளைவில் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. செம்பு தானாக அப்படிக் கறுக்காது. எது இதைத் தின்றது என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தபோது, குளிரறைக்கு முன்னால் இருந்த சின்ன அறையில் மஞ்சள் மூட்டைகள் கண்ணில் பட்டன. கந்தகத் தூள்.

ரோஜா வளர்ப்பவர்களுக்கு இது தெரியும். இலையில் சாம்பல் நோய் வந்தால் கந்தகம்தான் மருந்து. வெயில் கூடக் கூட நோயும் கூடியதால் ரத்னம்மா அதிகமாக வாங்கி வைத்திருந்தார். மூட்டை ஈரம் படக் கூடாது, களவு போகக் கூடாது. தோட்டத்தில் காய்ந்து கிடப்பதும் பூட்டு உள்ளதும் குளிரறை முன்னறை ஒன்றுதான். அங்கே அடுக்கிவிட்டார். கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் விசிறி அந்தக் காற்றை இழுத்துக் காயில் மேல் வீசியிருக்கிறது. பூவுக்கு மருந்து, செம்புக்கு விஷம். அந்தப் பக்கத்தில் பாதித் தோட்டங்களில் மூட்டைகள் அப்படித்தான் இருந்தன என்பது பிறகு தெரிந்தது.

சொன்னதும் ரத்னம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ தேவுடா! நானேவா என் ரூமைக் கெடுத்துக்கிட்டேன்?"

"உங்களுக்கு யாரும் சொல்லலையேம்மா. வருசா வருசம் வந்தவங்க காயிலைத் திறந்து பார்த்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்" என்றேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது, அந்த அம்மாமேல் இல்லை.

காயிலைப் பற்றவைக்க வேண்டும். அதற்கு முதலில் பூவை வெளியே எடுக்க வேண்டும், குழாயில் இருக்கும் கேஸை வெளியே எடுக்க வேண்டும். பூவை எங்கே வைப்பது? ரத்னம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. பெங்களூரு வியாபாரிக்கு ஓட்டும் குளிர்சாதன லாரி அன்று மாலை கெலமங்கலத்தில் வேறொரு தோட்டத்தில் ஏற்ற வேண்டும். காலி வண்டியோடு டிரைவர் மஞ்சு தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம்தான் படுத்திருப்பான். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திபெலெக்காரன், கன்னடம் கலந்து பேசுவான். கூப்பிட்டோம்.

"ஆகல்ல சார், முடியாது" என்றான் எடுத்த எடுப்பிலேயே. "ஓனர்கிட்ட கேக்காம முடியாது. அவர் பெங்களூர்ல பூ கம்பெனிக்குச் சொல்லாம இருக்க மாட்டார். ரத்னம்மா ரூம் கெட்டுப்போச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிரும். பரவால்லையா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. ரத்னம்மா என் முகத்தைப் பார்த்தார். எந்த வியாபாரியிடம் மறைக்க வேண்டும் என்று தவித்தாரோ அவரிடமே போய்ச் சேரப்போகிறது செய்தி.

"சொல்லுப்பா" என்றார் கடைசியில். "தெரிஞ்சா தெரியட்டும். நீ வா மொதல்ல."

"பர்த்தீனி அக்கா, ஓனர்கிட்ட சொல்லிட்டு வரேன். ஆனா மூணு மணிக்கு நான் கெளம்பிருவேன்."

லாரி வந்தது. அதன் குளிர்சாதன இன்ஜின் தடதடவென்று டீசல் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. வேலைக்கு வந்திருந்த பெண்களோடு நாங்களும் சேர்ந்து வாளிகளைத் தூக்கி வண்டிக்குள் வைத்தோம். இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. மூன்று மணிக்குள் வேலையை முடித்து அறையைக் குளிர வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. சில யூனிட்டுகளில் கேஸை ஒரு பக்கமாகத் தள்ளி வால்வை மூடிவிட்டு வேலை பார்க்கலாம். இங்கே அந்த வால்வு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அப்படியானால் மீட்பு மெஷினை வைத்து, கேஸை உறிஞ்சிக் காலி சிலிண்டரில் பிடிக்க வேண்டும். மெஷின் எங்கள் வேனில் இருந்தது. நம் கம்பெனியில் அதற்கு எவ்வளவு மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். ஆடிட்டர் வரும் அன்று துடைத்துப் பளபளவென்று வாசலில் வைப்போம், அவர் போனதும் மூலைக்குப் போய்விடும். அன்று மெஷின் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் மீட்பு சிலிண்டரைத் தூக்கியதுமே கனத்தது. போன மாதம் வேறொரு இடத்தில் பிடித்த கேஸை யாரும் எங்கும் கொடுக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். நிரம்பிய சிலிண்டரில் மேலும் ஏற்றினால் வெடித்துவிடும்.

காலி சிலிண்டர் ஓசூரிலிருந்து வர வேண்டும். வந்து சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். கோவிந்தன் ஸ்பேனரை எடுத்து இணைப்பின் நட்டில் வைத்தான். எனக்குப் புரிந்தது. ஒரு சுற்று சுற்றினால் போதும். புஸ்ஸென்று ஒரு சத்தம், கொஞ்சம் வெள்ளைப் புகை மாதிரி, ஐந்து நிமிடத்தில் குழாய் காலி. உடனே பற்றவைக்கலாம். மூன்று மணிக்குள் பூ உள்ளே போய்விடும்.

அதே நேரத்தில் மேனேஜர் போன். "என்னங்க இன்னும் அங்கயே? சிப்காட்ல ரெண்டு பேர் வெய்ட் பண்றாங்க. சட்டுனு முடிச்சிட்டு வாங்க."

"சார், காலி மீட்பு சிலிண்டர் ஒண்ணு அனுப்புங்க."

"அதுக்கு இப்ப ஆளுக்கு எங்க போறது? வழக்கம்போல பண்ணிட்டு வாங்களேன்" என்று வைத்துவிட்டார். வழக்கம்போல என்றால் என்னவென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ரத்னம்மா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சார் யோசிக்கறீங்க? அந்த அண்ணன் தெறக்கப் போறாரு, நீங்க சிலிண்டர் கேக்கறீங்க. எதுக்கு?"

இங்கேதான் நான் நின்றேன். பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவசரத்தில் வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்லக் கூடாது, குழம்பிவிடுவார்கள் என்பது நம் தொழிலில் பலர் நம்புகிற விஷயம். ஆனால் பூ அவருடையது, கேஸ் அவருடைய குழாயில் இருப்பது. எனக்குத் தெரிந்ததை அவருக்குச் சொல்லாமல் அவருக்காக நான் முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"நட்டைத் திறந்தா கேஸ் காத்துல போயிடும்மா. வேலை சீக்கிரம் முடியும். மூணு மணிக்குள்ள பூவை உள்ள வச்சிடலாம். சிலிண்டருக்குக் காத்திருந்தா நேரமாயிடும். லாரி போனப்புறம் ரூம் குளிர்றவரைக்கும் ரெண்டு மணி நேரம் பூ வெளிய இருக்கணும்."

"அப்ப தெறங்க சார்! இதுல என்ன யோசனை?"

"இந்தக் கேஸ் மேல போனா சும்மா இருக்காதும்மா. பூமியோட சூட்டை வெளிய விடாம பிடிச்சு வைக்கும். கார்பன் புகைன்னு சொல்றாங்களே, அதே எடைக்கு அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. போனது பல வருசம் அங்கயே இருக்கும்."

ரத்னம்மா ஸ்பேனர் வைத்த நட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சார், வருசா வருசம் வந்து ஏத்துனாங்களே. அதெல்லாம் எங்க போச்சு?"

நான் கையை மேலே காட்டினேன். வேறு என்ன செய்வது?

அவர் அண்ணாந்து பார்த்தார். மேகமே இல்லாத பளீரென்ற வானம், ஜனவரியில் ஏப்ரல் மாதிரி. பிறகு ரோஜாச் செடிகள் நிற்கும் பிளாஸ்டிக் கூரைப் பாலிஹவுஸைப் பார்த்தார், பிறகு லாரியில் இருந்த பூவைப் பார்த்தார்.

"குளிர் இல்லாமத்தான் பூவு சீக்கிரம் மலருது. சீக்கிரம் மலருதுன்னுதான் ரூம்ல வைக்கிறோம். ரூம் கேஸ் மேல போய் இருக்கிற குளிரையும் தின்னுதா?"

"இது மட்டும் இல்லம்மா" என்றேன் அவசரமாக. எல்லாப் பழியையும் அந்த அம்மா தலையில் ஏற்றிவிட்டோமோ என்று பயம் வந்துவிட்டது. "பஸ், லாரி, நிலக்கரி கரண்டு, சிமெண்டு, பாக்டரி, எங்க வீட்டு ஏசி, எல்லாம் சேர்ந்துதான். உங்க ரூம்ல போறது அதுல ஒரு துளி. ஆனா அந்தத் துளி இப்ப நம்ம கையில இருக்கு. அவ்ளோதான் நான் சொல்றது. பூ உங்களுது. நீங்க தெறக்கச் சொன்னா தெறந்துடறோம். உங்களத் தப்பா நினைக்க மாட்டேன்."

அந்தப் பூ கெட்டால் அந்த அம்மாவின் பல வருட உழைப்பு போகும். எனக்கு என்ன போகும்? மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். அடுத்தவர் நட்டத்தில் நல்லவனாக இருப்பது எளிது. இதை நீங்கள் மறக்கவே கூடாது.

ரத்னம்மா கணவருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. ஷிப்டில் இருக்கும்போது போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இன்னொரு முறை போட்டார். பிறகு போனை இடுப்பில் செருகிக்கொண்டு, வேலைக்கார அம்மாக்களிடம் கன்னடத்தில் என்னவோ சடசடவென்று சொன்னார். அவர்கள் சாக்குகளை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் முக்க ஆரம்பித்தார்கள்.

"அண்ணா, அந்தச் சாவியை எடுங்க" என்றார் கோவிந்தனிடம், ஸ்பேனரைக் காட்டி. "சிலிண்டர் வரட்டும். ரெண்டு மணி நேரம் ஈரச் சாக்குல நான் பாத்துக்கறேன்."

கோவிந்தன் ஸ்பேனரை எடுத்துவிட்டான். எடுத்துவிட்டு லாரியைப் பார்த்துச் சிரித்தான். "கேஸைக் காப்பாத்தறதுக்கு அங்க டீசல எரிச்சிட்டு இருக்கோம். அதுக்கு என்ன சொல்றது?"

உண்மைதான். எடை போட்டுப் பார்த்தால் சில மணி நேர டீசல் புகை இந்தக் கேஸ் அளவுக்குக் கெடுதல் செய்யாது என்று மட்டும் சொன்னேன். நம் தொழிலில் கை சுத்தமாக இருக்கும் நாள் கிடையாது. கொஞ்சம் குறைவாக அழுக்காகும் வழி எது என்று பார்க்கலாம்.

மேனேஜருக்குத் திரும்பப் போன் செய்தேன். இந்த முறை நான் கெஞ்சவில்லை. அந்த அம்மா காத்திருக்க ஒப்புக்கொண்டதைச் சொன்னேன். "கஸ்டமரே வெய்ட் பண்றேன்னு சொன்னாங்களா? பூவை வெளிய வச்சிட்டா?" என்றார். பிறகு ஏதோ முனகினார். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தன் சொந்தக் காரில் டிக்கியில் சிலிண்டரைப் போட்டுக்கொண்டு அவரே வந்து இறங்கினார். இறங்கியதும் எங்களைத் திட்டினார். நிறைந்த சிலிண்டரை ஒரு மாதமாக வேனில் வைத்திருந்ததற்குத் திட்டினார். அதை அனுப்ப வேண்டியது அவர் வேலைதான் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

பிறகு நடந்த வேலையை நான் விவரிக்கப்போவதில்லை. கேஸ் முழுக்கச் சிலிண்டருக்குப் போனது. கோவிந்தன் கறுத்த வளைவை வெட்டி எடுத்துப் புதுக் குழாய் வைத்துப் பற்றவைத்தான். அன்று அவன் கை வைத்த அழகை நான் இன்றும் நினைத்துக்கொள்வேன். நாங்கள் வேக்குவம் இழுத்துக்கொண்டிருக்கும்போதே மூன்று மணியாகிவிட்டது. மஞ்சு தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். "சாரி அக்கா" என்றான். அரை மணி கூடுதலாக நின்றான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

வாளிகள் வெளியே வந்தன. தரம் பிரிக்கும் ஷெட்டின் நடுவில் வைத்து, சுற்றிலும் ஈரச் சாக்கு கட்டி, பெண்கள் மாற்றி மாற்றித் தண்ணீர் தெளித்தார்கள். ரத்னம்மா ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு நடந்துகொண்டே இருந்தார், காய்ச்சல் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல மொட்டுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு. எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே தைரியம் வரவில்லை. மேற்கு ஓரத்தில் சாக்கு எட்டாத இடத்தில் வெயில் சாய்ந்து விழுந்தது. அந்த வாளிகளில் சில மொட்டுகள் இதழ் தளர ஆரம்பித்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். மேனேஜரும் பார்த்தார். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு சாக்கைத் தூக்கி அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்.

அறை குளிர்ந்து பூ உள்ளே போனபோது மாலை வெயில் இறங்கியிருந்தது. ரத்னம்மா கந்தக மூட்டைகளை முன்பே வெளியே எடுக்கச் சொல்லிவிட்டார். கோவிந்தன் வெட்டிய கறுப்புக் குழாய்த் துண்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். எங்களுக்கு டீ கொடுத்தார், ஆனால் சிரிக்கவில்லை. தளர்ந்த பூ எவ்வளவு என்று இருட்டிய பிறகுதான் எண்ண வேண்டும், அந்தப் பெட்டிகள் பெங்களூருவில் என்ன ஆகும் என்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். "வரேம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மூன்று பேரும் வேனில் ஓசூர் வந்து சேர்ந்தோம். மேனேஜர் தன் காரை விட்டுவிட்டு எங்களோடு வேனில் வந்ததைக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவரே கவனித்தார்.

அடுத்த இரண்டு நாளும் ரத்னம்மாவின் போனுக்காகக் காத்திருந்தேன். கோவிந்தன் ஒரு நாளைக்குப் பத்து தடவை, "போன் வந்துச்சா?" என்று கேட்டான். நட்டைத் திறக்கப் போனவனே அவன்தான். கேட்டால், "நானும் மனுசன்தானப்பா" என்பான். நான் செய்தது சரிதானா என்று எனக்கே தெரியவில்லை. வியாபாரி பூவைத் திருப்பி அனுப்பினால், உலகம் சூடாவதைப் பற்றி நான் அந்த அம்மாவுக்குச் சொன்ன பாடத்துக்கு என்ன மதிப்பு?

மூன்றாம் நாள் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை கேன்டீன் கூரைமேல் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. கீழே விழாமல் ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

"சார், பூவு பாஸ் ஆயிடுச்சு" என்றார் ரத்னம்மா. "தளர்ந்த பூவை நானே பிரிச்சு எடுத்துட்டேன். பெட்டி கொறஞ்சுது. ஏன் கொறஞ்சுதுன்னு தரம் பாக்கற சார் கேட்டார். ரூம் ரிப்பேரு, ஓட்டை, கந்தகம், கேஸ் பிடிச்சது எல்லாம் சொன்னேன். அந்தக் கறுப்புக் குழாயை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். மத்த தோட்டக்காரங்க குரூப்ல போட்டிருக்கார்."

"அந்தத் தளர்ந்த பூவுக்காக என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். இரண்டு நாளாக அதைச் சொல்லத்தான் காத்திருந்தேன்.

"அத விடுங்க சார். போன வருசம் நிறைய மலர்ந்துச்சு. எதனாலன்னு ஒருத்தரும் சொல்லல. ராத்திரியெல்லாம் என்ன தப்பு பண்ணோம்னு அழுதேன். இந்த வருசமும் கொஞ்சம் மலர்ந்துச்சு. எதுக்காகன்னு எனக்குத் தெரியும். காத்திருக்கலாம்னு நான் சொல்லித்தான் மலர்ந்துச்சு."

கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கோவிந்தன், "என்னாச்சுப்பா, என்னாச்சு?" என்று கத்திக்கொண்டிருந்தான். நான் இறங்கி வந்து, ரத்னம்மாவே சொல்லட்டும் என்று போனை அவன் கையில் கொடுத்தேன்.